தொலைபேசிக் கம்பியில் கணினி வலை: ‘ஊடுவலை’ என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஏற்கெனவே இழுத்து வைத்திருக்கும் தொலைபேசிக் கம்பியைக் கொண்டே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ‘தொலைபேசிவழி இல்ல வலையமைப்பு’, ‘சவாரி வலை’, ‘முறைவலை’ ஆகிய அந்த மூன்றையும் என் வீட்டில் நடந்த வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்காவதாக ஒரு சொல்லைத் தரவே இதை எழுதுகிறேன். அது ‘ஊடுவலை’.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு பழைய தொட்டிக்கட்டு வீடு. நடுவில் திறந்த வாசல், சுற்றிலும் அறைகள், இரண்டடி கனத்துக்குச் சுவர். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வைத்த ரவுட்டரின் வைஃபை வாசலைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போவதற்குள் மங்கிவிடுகிறது. தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்தில் இருக்கும் சிறு வீட்டுக்கு, எட்டுவதே இல்லை. ஆனால் தொலைபேசி வந்த காலத்தில் ஆசாரம், பின்கட்டு, சாளை என்று மூன்று இடத்துக்கும் கம்பி இழுத்திருந்தோம். சுவரை உடைக்காமல், புதிதாக ஒரு முழம் கம்பி கூட வாங்காமல், அந்த இரட்டைச் செப்புக் கம்பியிலேயே கணினிகளை இணைக்க முடியும் என்று தெரிந்தபோது, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த, இந்த வேலைக்கென்றே செய்த பழைய ஹோம்பிஎன்ஏ (HomePNA) கருவிகளை எடுத்துப் பொருத்தினோம்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்துதான் சொல் பிறக்க வேண்டும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தொலைபேசியில் நம் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் மட்டுமே போகிறது. தொலைபேசிக் கம்பி வழியே வீட்டுக்கு வரும் ஏ.டி.எஸ்.எல். (ADSL) இணையம் அதற்கு மேலே, ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே அந்தக் கம்பியில் எதுவும் ஓடாத வெற்றிடம் கிடக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கான வலை 4 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் அமர்ந்துகொள்கிறது. ஆகவே அம்மா ஆசாரத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் அதே நொடியில், அதே கம்பியில், பின்கட்டுக் கணினி சாளைக் கணினிக்குக் கோப்பு அனுப்புகிறது. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதுமில்லை.

இதற்காக 1998இல் அமெரிக்காவில் நிறுவனங்கள் சேர்ந்து ஹோம்பிஎன்ஏ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அது வகுத்த முதல் தரம் (தொழில்நுட்ப வரையறை) நொடிக்கு 1 மெகாபிட் வேகமும், அடுத்த தரம் 10 மெகாபிட்டும், மூன்றாவது தரம் 128 மெகாபிட்டும் தந்தன. 2013இல் அக்கூட்டமைப்பு ஹோம்கிரிட் (HomeGrid) என்ற இன்னொரு தொழில் அமைப்போடு இணைந்தது. அந்த அமைப்பு வளர்க்கும் ஜி.எச்.என். (G.hn) தரம் தொலைபேசிக் கம்பி, மின்கம்பி, கேபிள் டிவிக் கம்பி ஆகிய மூன்றிலும் ஓடக்கூடியது. இந்தக் கடைசிச் செய்தி நம் சொல்லாக்கத்துக்கு மிகவும் முக்கியமானது. பின்னர் அதற்கு வருகிறேன்.

இனிச் சொற்கள். ‘தொலைபேசிவழி இல்ல வலையமைப்பு’ பிழையற்ற விளக்கம்தான். ஆனால் விளக்கம் சொல் ஆகாது. நான்கு முறை ஒரு பத்தியில் எழுதினால் ஐந்தாவது முறை எழுதுகிறவரே ஆங்கிலச் சொல்லுக்குப் போய்விடுவார். ‘சவாரி வலை’ என்பதில் ஒன்றின் முதுகில் மற்றொன்று ஏறிக்கொள்ளும் பொருள் வருகிறது. இங்கே எதுவும் எதன் மேலும் ஏறவில்லை. ஒன்று விட்டுவைத்த இடத்தில் மற்றொன்று நிற்கிறது, அவ்வளவே.

‘முறைவலை’ என்று சொன்ன பெருந்துறை நண்பர், கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறையும் இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறையும் தண்ணீர் விடுவதை எடுத்துக்காட்டியிருந்தார். நம் மண்ணிலிருந்து வந்த நல்ல உவமை. அதை எளிதில் தள்ள மனம் வரவில்லை. ஆனால் குரலும் கணினித் தரவும் முறை வைத்து ஓடுவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. முறை வைப்பது வேறோர் இடத்தில் நடக்கிறது. பல கணினிகள் அந்த 4 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் இடத்துக்குள் ஒரே நேரத்தில் பேச முயன்றால் மோதிக்கொள்ளும். மூன்றாவது தரத்தில் ஒரு கருவி தலைமையேற்று, யார் எப்போது அனுப்ப வேண்டும் என்று நேரம் ஒதுக்கித் தருகிறது. நண்பரின் உவமை அந்த வேலைக்கு அப்படியே பொருந்துவதால், அதற்கு ‘முறைவைப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம் என்பது என் கருத்து.

‘ஊடுவலை’க்கு வருகிறேன். இந்தச் சொல்லை நான் ‘ஊடுபயிர்’ என்பதிலிருந்து எடுத்தேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் கோகோ வைக்கிறோம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் சின்ன வெங்காயம் போடுகிறோம். முதன்மைப் பயிருக்காக உழுத நிலம், அதற்காகவே கட்டிய பாத்தி, அதற்குப் பாய்ச்சிய தண்ணீர். அவற்றுக்கிடையே சும்மா கிடக்கும் இடத்தில் இன்னொரு பயிர், முதன்மைப் பயிருக்குக் கேடில்லாமல் வளர்கிறது. தொலைபேசிக் கம்பியில் நடப்பதும் இதுதான். வேறொன்றுக்காகப் போட்ட கம்பியின் வெற்றிடத்தில் வலை அமைகிறது. தறிக்காரர்களும் இதே வேரிலிருந்து வந்த சொல்லை நாள் முழுவதும் சொல்கிறார்கள். சென்னிமலையில் பாவு என்னும் நெடுக்கு நூலை ஓட்டி முடித்த பிறகு, நாடா என்னும் ஓடக்கட்டை குறுக்கே கொண்டுபோகும் நூலுக்கு ‘ஊடை’ என்று பெயர். பாவு முன்பே நிற்கிறது. ஊடை பிறகு வந்து சேர்கிறது.

எதிர்ப்புகளையும் எண்ணிப் பார்த்தேன். ‘ஊடுருவல்’ என்ற சொல் கணினித் துறையில் அத்துமீறி நுழைவதைக் குறிப்பதால், ஊடுவலை என்றால் திருட்டு வலை என்று தோன்றாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஊடுபயிரைக் கேட்டு எந்த உழவரும் அப்படி எண்ணியதில்லை. ‘ஊடுகதிர்ப் படம்’ எடுக்கச் சொன்னாலும் யாரும் அப்படி எண்ணுவதில்லை. அத்துமீறும் பொருள் ‘உருவு’ என்ற பகுதியோடு சேரும்போதுதான் வருகிறது. பிணங்குதல் என்ற பொருளில் வரும் ‘ஊடு’ வினைச்சொல்; நாம் எடுப்பது இடையைக் குறிக்கும் பெயர்ச்சொல். ‘ஊடுபிணையம்’ என்று ஆக்கலாமா என்றும் பார்த்தேன். பிணையம் என்பது ஊர் வழக்கில் கடனுக்கு வைக்கும் ஈட்டைக் குறிப்பதால் வலையே போதும் என்று விட்டுவிட்டேன்.

வலுவான எதிர்ப்பு இன்னொன்று உண்டு. இன்று பல வீடுகளுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. செப்புக் கம்பியில் குரலே ஓடுவதில்லை. முதன்மைப் பயிர் இல்லாத காட்டில் ஊடுபயிர் ஏது? இது நியாயமான கேள்வி. இதற்குத்தான் ஜி.எச்.என். தரத்தை முன்பு குறிப்பிட்டேன். தொலைபேசிக் கம்பி ஓய்ந்தாலும் மின்கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் ஊடே வலையும் ஓடுகிறது. ஆகவே ‘ஊடுவலை’யைப் பொதுப்பெயராக வைத்து, ‘தொலைபேசி ஊடுவலை’, ‘மின்கம்பி ஊடுவலை’, ‘கேபிள் ஊடுவலை’ என்று வகைப்படுத்தலாம். மற்ற மூன்று சொற்களுக்கும் இந்த வசதி இல்லை. அதே உவமை ஓர் எச்சரிக்கையையும் தருகிறது: ஏ.டி.எஸ்.எல்.லைவிட வேகமான வி.டி.எஸ்.எல். (VDSL) இணையம் வரும் கம்பியில், அதன் அதிர்வெண்கள் நம் 4 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் இடத்துக்குள்ளும் வந்துவிடுவதால், ஒரே பாத்தியில் இரண்டு பயிரை நட்ட கதையாகிவிடும்.

இன்னொரு சொல்லையும் இந்த வேலையே எனக்குக் கொடுத்தது. கருவிகளைப் பொருத்திய முதல் வாரம் பின்கட்டில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. கருவியை மாற்றிப் பார்த்தோம், செருகியை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. பிறகு கம்பி போன வழியே ஏணி வைத்துத் தேடியபோது, மாட்டுக் கட்டுத்தரைக்கு முன்னொரு காலத்தில் இழுத்து, தொலைபேசி இல்லாமலே விட்டுவிட்ட கிளை ஒன்று உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் செம்பு பச்சை பூத்திருந்தது. இப்படி முடிவில் எதுவும் பொருத்தாத கிளைக்குள் போகும் அலை, முனையில் முட்டித் திரும்பி வந்து, நேர்வழியில் போகும் அலையோடு கலந்து அதைக் குலைத்துவிடுகிறது. குரலுக்கு இதனால் தொல்லை இல்லாததால் இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. கம்பிகள் சேரும் தொலைபேசிப் பெட்டியில் அந்தக் கிளையின் இரண்டு இழைகளையும் கழற்றிய பிறகு பின்கட்டு இணைப்பு இன்றுவரை அறவில்லை. இத்தகைய கிளைக்கு ‘முட்டுக்கிளை’ என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன். முட்டுச்சந்தை அறிந்த எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

புதுச்சொல் ஆக்குவது நம் பக்கத்துக்குப் புதிதும் அன்று. 1916இலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். எந்த மொழி வேரிலிருந்து சொல் எடுப்பது என்ற வாதம் அப்போதே நடந்தது. வேர் நம் காட்டிலும் தறியிலும் இருக்கும்போது அங்கிருந்து எடுப்போம் என்பதே என் நிலை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. கணினிக்கும் தொலைபேசிச் செருகிக்கும் நடுவே வைக்கும் அந்தச் சிறிய பெட்டிக்கு ‘ஊடுவலைப் பொருத்தி’ என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். ‘பொருத்தி’ என்பது எந்தப் பெட்டிக்கும் ஒட்டும் சொல்லாகப் படுகிறது. கணினியின் தரவை அந்த 4 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் அலையாக மாற்றிக் கம்பியில் விடும் வேலை அதில் தெரியவில்லை. தறி வேலை தெரிந்த நண்பர்கள் யாராவது, நாடாவுக்குள் தாரை (ஊடை நூல் சுற்றிய குழலை) போடும் செயலுக்கு உங்கள் ஊரில் தனிச் சொல் வழங்குகிறதா என்று கேட்டு எழுதினால், அதிலிருந்து ஒன்றை ஆக்கிப் பார்க்கலாம்.

அன்புடன்,
கோபிப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்