"கொழுப்புத் தடுப்பூசி" வேண்டாம், "ஏற்பிக்காப்பு மருந்து" என்போம்

வணக்கம் ஐயா. இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் (LDL) குறைக்கும் எவலோகுமாப் போன்ற மருந்துகளுக்குத் தமிழில் "கொழுப்புத் தடுப்பூசி" என்று பெயர் வைக்கலாம் என்று இப்படி எழுதியிருந்தீர்கள்:

> "கொழுப்புத் தடுப்பூசி" எளிது, மக்கள் வாயில் நிற்கும்.

நிற்கும். அதனால்தான் பயப்படுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் நான் வேலை செய்யும் மருந்தகத்துக்குப் போன மாதம் ஓர் அம்மா வந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையில் போட வேண்டிய எவலோகுமாப் ஊசிப் பேனா. இரண்டு போட்டதோடு நிறுத்திவிட்டார். "தடுப்பூசின்னு சொன்னாங்க, கோவிட்டுக்கு ரெண்டுதானே போட்டோம்?" என்றார். மூன்றாவது பேனா ஐஸ்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறதாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையும் விட்டிருந்தார்.

தடுப்பூசி என்றால் உடம்புக்கு எதிர்ப்பைப் பழக்கிவிட்டுப் போவது. இது பழக்குவதில்லை, நிறுத்தினால் கெட்ட கொழுப்பு பழையபடி ஏறும். 2017இல் வெளிவந்த ஃபோரியர் (FOURIER) என்ற மருத்துவ ஆய்வில், ஸ்டாட்டினோடு எவலோகுமாப் சேர்த்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 59 விழுக்காடு இறங்கியது. விடாமல் போட்டால்தான் அந்தப் பலன் நிற்கும்.

"கொழுப்புக் கரைப்பான்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் சரியில்லை, தொப்பை கரையும் என்று வந்து நிற்பார்கள். இது எதையும் கரைப்பதில்லை. கல்லீரல் செல்லின் மேலுள்ள ஏற்பிகள் (receptors) இரத்தத்தில் வரும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி மேலே வரும். பிசிஎஸ்கே9 என்று 2003இல் கண்டறிந்த புரதம் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டால், ஏற்பி மேலே வராமல் உள்ளேயே அழிந்துபோகும். எவலோகுமாப், அலிரோகுமாப் என்ற மருந்துகள் இரண்டும் அந்தப் புரதத்தைப் பிடித்து வைக்கின்றன. இன்கிளிசிரான் என்ற இன்னொரு மருந்து அது உருவாவதையே பெருமளவு குறைக்கிறது. அதற்கு முதல் ஊசி, மூன்றாம் மாதம் ஒன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. எந்த வழியில் போனாலும் ஏற்பி பிழைக்கிறது.

அதனால் நான் முன்வைப்பது "ஏற்பிக்காப்பு மருந்து". ஏற்பி முன்பே புழங்கும் சொல். காப்பு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, பத்துமலைக்குக் காவடி எடுக்கும்போது கட்டுகிறோமே. "காப்பூசி" என்று சேர்த்துப் பார்த்தேன், காதுக்கு இனிமைதான், ஆனால் மறுபடி தடுப்பூசியின் சாயல் வந்துவிடுகிறது. மாத்திரையாகவும் தர ஆராய்ந்து வருகிறார்கள், எனவே பெயரில் ஊசி வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

மறுப்பிருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள் ஐயா. மருந்தகத்தில் ஒட்டப்போகும் குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.