ஈஎம்எஃப் வகுப்பில் சிமுலேஷன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். பதினோரு வருடமாக ஈசிஈ மாணவர்களுக்கு ஈஎம்எஃப், அதாவது மின்காந்தப் புலங்கள், எடுக்கிறேன். அரியருக்குப் பேர்போன பேப்பர். மேக்ஸ்வெல் சமன்பாடு நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கேபிளின் முனையை ஷார்ட் செய்தால் என்ன ஆகும் என்றால் முழிப்பார்கள்.

இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன்களைத்தான் முதலில் எடுத்தேன். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தால் பல்பு எரியும். ப்ரொஜெக்டரில் நானே ஓட்டி, நானே விளக்கினேன். பசங்க ரசித்தார்கள். அடுத்த வாரம் டெஸ்ட்டில், காந்தம் உள்ளே அசையாமல் கிடந்தால் மின்னோட்டம் வருமா என்று கேட்டேன். பாதிப் பேர் வரும் என்று எழுதியிருந்தார்கள். கார்ட்டூன் பார்த்த மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள். தப்பு என்னுடையது.

இப்போது ஓடவிடும் முன் எல்லோரும் நோட்டில் வரைந்தாக வேண்டும். 50 ஓம் கேபிள், 100 மீட்டர், முனையில் ஷார்ட். ஒரு குட்டிப் பல்ஸ் அனுப்பினால் என்ன திரும்பி வரும், எப்போது? பலரும் "எல்லாம் ஷார்ட்டிலேயே போய்விடும்" என்று எழுதினார்கள். ஓடவிட்டேன். பல்ஸ் முனையைத் தொட்டதும் தலைகீழாகத் திரும்பியது. கேபிளில் வேகம் ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு என்று வைத்திருந்ததால், போய்வர 1 மைக்ரோ நொடி. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "சார், முனையில வோல்டேஜ் சைபரா இருக்கணும்னா, வந்ததைக் கழிக்க ஒண்ணு கிளம்பித்தானே ஆகணும்?" என்றான். அதைத்தான் நான் வருடக்கணக்கில் எல்லை நிபந்தனை என்று போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஷார்ட்டை எடுத்துவிட்டு, முனையில் 150 ஓம் லோடு வைத்தோம். பாதி உயரத்தில், நேராகத் திரும்பியது. 50க்கு வந்ததும் ஒன்றுமே திரும்பவில்லை. பெல் அடித்த பிறகும் ஸ்லைடரை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

நான் மாணவன் பக்கத்திலிருந்து. எங்களுக்கு ரெடிமேட் சிமுலேஷன் எதுவும் தரவில்லை. மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாக, படிப்படியாகக் கணக்கிட கேன் யீ 1966இல் வெளியிட்ட முறையைப் பைத்தானில் எழுதச் சொன்னார்கள். ஒரு பரிமாணம்தான், இருபது வரி. அலை கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது, அப்புறம் திரை முழுக்க முள் முள்ளாகக் கிளம்பி எண்கள் வெடித்துவிட்டன. மைனஸ் குறியைத் தேடியே ஒரு மதியம் போனது. கடைசியில் பார்த்தால், கணக்கு ஒவ்வொரு படியிலும் தாண்டும் நேரம் பெரிதாகிவிட்டது: ஒரு படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாதாம். அன்று முதல், வண்ணவண்ணமாகப் படம் வந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

*

லேப் பொறுப்பில் இருக்கிறேன். சிமுலேஷனோடு நிற்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய குறை உண்டு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு மாணவி எஃப்ஆர்4 என்ற சாதாரண சர்க்யூட் போர்டில் பேட்ச் ஆன்டெனா (தட்டையான ஆன்டெனா) செய்தாள். அது வேலை செய்யும் அதிர்வெண் சிமுலேஷனில் 2.45 கிகாஹெர்ட்ஸ், அளந்தால் 2.39. கனெக்டர் சரியில்லை என்று என்னிடமே சண்டை. வேறு கனெக்டர் வைத்துப் பார்த்தோம், அதே 2.39. போர்டின் மின்காப்பு மாறிலியை (டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்) 4.4 என்று சிமுலேஷனில் போட்டிருந்தாள். எஃப்ஆர்4 என்றால் அது போர்டுக்குப் போர்டு மாறும். 4.6 ஆக்கி மறுபடி ஓட்டச் சொன்னேன். இரண்டு வளைவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்குறைய உட்கார்ந்தன. "அப்ப சார், போர்டைத்தான் அளந்திருக்கேன்" என்றாள்.