பாதாள ஆற்றுக்குப் போய்வந்த லென்ஸுக்குள் வெள்ளை நூல்: பூஞ்சையா, உப்பா?

டிஎஸ்எல்ஆர் கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸ், வாங்கி நான்கு வருடம். உள்ளே, ஓரத்தில், சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் மங்கல்.

மார்ச்சில் பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் புவெர்ட்டோ பிரின்செசா பாதாள ஆற்றுக்குப் போயிருந்தேன். 8.2 கிலோமீட்டர் நீள ஆறு, மலைக்கு அடியிலேயே ஓடி நேராகக் கடலில் கலக்கிறது. அலை ஏறினால் கடல்நீர் குகைக்குள்ளும் வரும். உப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் அதனால்தான். துடுப்புப் படகில் முக்கால் மணி நேரம் இருந்தோம். மேலே வௌவால்கள், கூரையிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார் படகுக்காரர், காரணம் தண்ணீர் மட்டுமல்ல! ஏசி வேனிலிருந்து இறங்கியதுமே லென்ஸ் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன். அறைக்கு வந்து அப்படியே பையில் போட்டு மூடியதுதான் என் தப்பு.

நூல் கண்ணில் பட்டது ஜூன் கடைசியில். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு வாரம் வைத்தேன். மங்கல் கொஞ்சம் குறைந்தது, நூல் அப்படியே இருக்கிறது. அப்புறம் வெயிலில் அரை மணி நேரம். சர்வீஸ் கடையில் கேட்டதற்கு, பிரித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் சொன்ன கூலிக்குப் பழைய லென்ஸே வாங்கிவிடலாம்.

பிரிக்காமலேயே இது பூஞ்சையா உப்பா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?