மறுபடி போன ரோம் உணவகத்தில் திரிந்துபோன கார்பொனாரா

மிளகுப்பொடி

ரோமின் த்ராஸ்தேவெரே பகுதியில் அதே கடை, ஒன்றரை வருஷம் கழித்து. பேர் வேண்டாம். முதல் தடவை கார்பொனாராவின் முட்டை, சீஸ் சாஸ் கஸ்டர்டு பதத்தில் ரிகத்தோனியில் (குழாய் பாஸ்தா) பூசிக்கொண்டு நின்றது. இந்த முறை தட்டு மேசைக்கு வந்ததுமே தெரிந்துவிட்டது. குழாய்களுக்குள் முட்டைப் பொரியல் துணுக்கு, அடியில் கலங்கின தண்ணீர். முள்கரண்டியில் எடுத்தால் பாஸ்தா மட்டும் வழுக்கி வருகிறது, முட்டை தட்டிலேயே தங்கிவிடுகிறது. குவாஞ்சாலேயும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி) வெந்திருந்ததே ஒழிய முறுகவில்லை.

அடுப்பை அணைக்காமல் முட்டையை ஊற்றியிருக்கிறார்கள், வேறென்ன? மஞ்சள் கரு 65 டிகிரியில் இறுகத் தொடங்கும், 70ஐத் தாண்டினால் கட்டிதான். குவாஞ்சாலே வறுத்த சட்டியின் சூடு அதைவிட எவ்வளவோ மேலே.

கஞ்சித்தண்ணி

மிளகுப்பொடி சொன்னது பாதிதான் சரி. சட்டிச் சூடு துணுக்குக்குக் காரணம். அடியில் நின்ற தண்ணீருக்கு அது மட்டும் காரணமில்லை. உணவகத்தில் ஒரே தண்ணீரில்தான் சாயங்காலம் முழுக்கப் பாஸ்தா வேகிறது. கடை திறந்த புதிதில் அது வெறும் உப்புத்தண்ணி. ஒன்பது மணிக்கு மேல்தான் மாவுச்சத்து இறங்கிக் கஞ்சி மாதிரி ஆகும், அதுதான் முட்டையையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடிக்கும். முதல் பந்தியில் உட்கார்ந்தால் இந்த ஆபத்து உண்டு. அடுத்த தடவை ஒன்பதுக்கு மேல் போங்கள்.

வீட்டில் செய்வதானால் இரண்டு பேருக்கு 200 கிராம் ரிகத்தோனி, 100 கிராம் குவாஞ்சாலே, 4 மஞ்சள் கரு, 60 கிராம் பெக்கொரீனோ (செம்மறியாட்டுப் பால் சீஸ்). தண்ணீர் 2 லிட்டர் போதும். குறைத்து வைத்தால்தான் கஞ்சி கெட்டியாகும். உப்பு 15 கிராமுக்கு மேல் வேண்டாம், சீஸிலும் இறைச்சியிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. குவாஞ்சாலேயைக் குளிர்ந்த சட்டியில் போட்டுச் சிறுதீயில் 8 முதல் 10 நிமிஷம். சூடான சட்டியில் போட்டால் வெளியே கருகும், உள்ளே கொழுப்பு இறங்காது. பாஸ்தாவை அதில் புரட்டி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிஷம் ஆறவிட்டு சீஸோடு அடித்த மஞ்சள் கருவையும் கொஞ்சம் பாஸ்தாத் தண்ணீரையும் ஊற்றுங்கள். இறுகவில்லையென்றால் மறுபடி அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். பாத்திரத்தைக் கொதிதண்ணீர் ஆவிமேல் பிடித்துக் கிண்டினால் போதும். க்ரீம் சேர்த்துச் சரிக்கட்டுவது கார்பொனாராவே இல்லை.

தெஸ்தாச்சோ

எனக்கு இதே கதை காச்சோ எ பெப்பேயில் (சீஸும் மிளகும் சேர்த்த பாஸ்தா). போன வருஷம் பட்டுப்போல இருந்த தட்டு, இந்த வருஷம் சீஸ் ரப்பர் உருண்டையாகி முள்கரண்டியில் தொங்கியது. உதறினாலும் விழவில்லை. பெக்கொரீனோவும் 65 டிகிரிக்கு மேல் போனால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாவுச்சத்துதான் அதைத் தடுக்கிறது. இத்தாலிய இயற்பியலாளர்கள் இதை அளந்தே பார்த்து 2025இல் இக் நோபல் (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுக்கான வேடிக்கைப் பரிசு) வாங்கினார்கள். சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் திரியும். 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் கார்ன்ஃப்ளாரைக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, சீஸோடு அடித்துக்கொண்டால் பயமில்லை.

கஞ்சித்தண்ணி

ரோமில் கார்ன்ஃப்ளாரா? பாஸ்தாத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினாலே அந்த அளவு வந்துவிடும்.

தெஸ்தாச்சோ

வரும், எவ்வளவு சுண்டியது என்று கண்ணால் தெரியாது. எடைபோட்ட 4 கிராம் தினமும் 4 கிராம்தான்.

குங்குமப்பூ

எனக்கு மிலானில் ரிசொத்தோ (குழையக் கிண்டிய அரிசி உணவு). ஆர்டர் கொடுத்து ஏழாவது நிமிஷம் தட்டு வந்தது. ரிசொத்தோவுக்குப் போடும் கார்னரோலி அரிசி வேக 16 முதல் 18 நிமிஷம் வேண்டும். ஆக, முன்னாலேயே முக்கால் வேக்காட்டில் தட்டில் பரப்பி வைத்ததுதான். தட்டை லேசாக ஆட்டினால் அலை மாதிரி நகர வேண்டும். இது பொங்கல் மாதிரி கட்டியாக உட்கார்ந்திருந்தது, அரிசியின் நடுவில் சுண்ணாம்புப் புள்ளி. மெனுவில் "குறைந்தது இரண்டு பேருக்கு" என்று முன்பு இருந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். அந்த வரி இருக்கிற கடையில்தான் புதிதாகக் கிண்டுவார்கள் என்று நம்பலாம்.

மிளகுப்பொடி

கஞ்சித்தண்ணி, நான் உட்கார்ந்தது 7.40க்கு. தண்ணீர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறுகாத குவாஞ்சாலேக்குத் தண்ணீர்மேல் பழி போட முடியாது. அந்தப் பத்து நிமிஷத்தை அவர்கள் கொடுக்கவில்லை.