அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய்: நாங்கள் மரபணுச் சோதனை செய்ய வேண்டுமா?

நிலாவெளி மகள்:
வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்து போன வருஷம் வெட்டி எடுத்தார்கள், இப்போது கஞ்சியும் சூப்பும்தான் இறங்குகிறது. நாற்பது வருஷமாக வெற்றிலை போட்டவர். கடலுக்குப் போகும்போது புகையிலையோடு மடித்து அதே இடது கொடுப்புக்குள் அடக்கினால் கரைக்கு வரும்வரை துப்ப மாட்டார். நோய் எதிர்ப்பு ஏற்பி மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் சில இனத்தவருக்குப் புற்றுநோய் ஆபத்துக் கூடுமாம் என்று தம்பி எங்கேயோ வாசித்துவிட்டு, நாங்களும் சோதிப்போம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தேவையென்றால் காசை எப்படியும் புரட்டுவோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வுகூடத்து அண்ணா:
தங்கச்சி, தம்பி வாசித்தது டிஎல்ஆர் மரபணுக்களைப் பற்றி இருக்கலாம். கிருமியை அடையாளம் கண்டு உடம்பை உசுப்பிவிடும் காவல் புரதங்களை உருவாக்குபவை அவை, மனிதரில் அப்படிப் பத்து மரபணுக்கள் இயங்குகின்றன. அந்தக் காவல் சோர்ந்தால் கிருமி தங்கிவிடும், ஓயாமல் உசுப்பிக்கொண்டே இருந்தால் அழற்சி ஆறாது, இரண்டு வழியிலும் புற்றுநோய்க்கு இடம் உண்டு. அவற்றில் ஒன்றான டிஎல்ஆர்4இன் புரதச் சங்கிலியில் 299ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் என்ற கண்ணிக்குப் பதிலாகக் கிளைசின் என்ற வேறு கண்ணி வரும் மாற்றத்தை நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். சீனரிடமும் யப்பானியரிடமும் அது மிக அரிது, இந்தியரிடமும் ஐரோப்பியரிடமும் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு இனத்திலும் தனியாகப் பார்க்கிறார்கள், ஓரிடத்து முடிவைத் தூக்கி இன்னோரிடத்தில் போட முடியாது. அப்புறம், ஆபத்து ஒன்றரை மடங்கு என்று வாசித்தால் பயப்படாதீர்கள்: 1000 பேரில் 2 பேருக்கு வரும் நோய் ஒன்றரை மடங்கானால் 3 பேர், அவ்வளவுதான். இந்தச் சோதனை முடிவை வைத்து உங்களுக்கு வாய்ப் புற்றுநோய் வரும், வராது என்று எந்த டொக்டரும் சொல்ல முடியாது. காசைச் செலவழிக்காதீர்கள்.

கிண்ணியா ராத்தா:
அப்பா வெற்றிலை அடக்கிய அதே கொடுப்பில்தானே வந்திருக்கிறது, தங்கச்சி. ஆஸ்பத்திரிப் பல் சிகிச்சைப் பகுதியில் இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பதும் பிழை, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மரபணுவை விடுங்கள், ஒரு கண்ணாடியும் டோர்ச்சும் எடுங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவந்த திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி உள்ளே விட்டுப் பாருங்கள். போகாவிட்டால், அதுவும் பாக்குப் போடுகிறவருக்கு, வாய்த்தசை இறுகத் தொடங்கியிருக்கலாம், பிந்தாதீர்கள். தம்பி பாக்குப் போடுவாரா?

நிலாவெளி மகள்:
நன்றி அண்ணா, ராத்தா. பக்கட் பாக்குப் போடுகிறான், இரண்டு வருஷமாம், எங்களுக்கு இன்றைக்குத்தான் சொன்னான். விரல் விட்டுப் பார்த்தோம், எனக்கு மூன்று போகிறது, அவனுக்கு இரண்டுதான் போகிறது. கறி உறைக்கிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான், நாங்கள் அம்மா மிளகாய் கூடப் போட்டுவிட்டார் என்று நினைத்தோம். திங்கட்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கிண்ணியா ராத்தா:
உறைப்பு எரிவதையும் கட்டாயம் சொல்லுங்கள். பாக்கை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், திங்கள் வரைக்கும் பொறுக்க வேண்டாம்.