ஜோசெகி: வாய்பாடா, உடன்பாடா, தடமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோ என்பது கருப்பு, வெள்ளைக் கற்களைக் கோடுகள் வெட்டும் புள்ளிகளில் வைத்து நிலம் பிடிக்கும் பலகையாட்டம். அதில் மூலையில் இருவருக்கும் ஏறக்குறையச் சமமான பலன் தரும், வழிவழியாக ஆடிவரும் கல்வரிசையை ஜப்பானிய மொழியில் ஜோசெகி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக 'மூலை வாய்பாடு', 'மூலை உடன்பாடு' என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. 'மூலை வாய்பாடு' முதலில் எனக்கும் பிடித்துப்போனது. தேமா, புளிமா என்று சீருக்கே வாய்பாடு வைத்திருக்கும் மொழியில் அது அந்நியமாக ஒலிக்காது. ஆனால் வாய்பாடு என்றதும் மனப்பாடம் கூடவே வந்து நிற்கிறது. ஜோசெகியை உருப்போட்டவனுக்கு இரண்டு கல் பலம் குறையும் என்பது கோ ஆட்டக்காரர்களின் பழமொழி. நாம் வைக்கும் பெயரே ஆளை அந்தப் பள்ளத்தில் தள்ள வேண்டுமா?

மூலையில், இரு ஓரங்களிலிருந்தும் நான்காவது கோட்டில் ஒரு கருப்புக்கல் இருக்கிறது. வெள்ளை அதன் காலடியில், இரு ஓரங்களிலிருந்தும் மூன்றாவது கோட்டில் நுழைகிறது. கருப்பு ஒரு பக்கம் அடைக்க, வெள்ளை ஓரமாக ஊர்ந்து, மூலைக்குள் இரண்டு கண் (எதிராளி நிரப்ப முடியாத வெற்றிடம்) வைத்துப் பிழைத்துக்கொள்கிறது. கருப்புக்கு வெளியே ஒரு சுவர் கிடைக்கிறது. நிலம் ஒருவருக்கு, செல்வாக்கு மற்றவருக்கு. ஆனால் சுவர் பார்க்கும் திசையில் வெள்ளை ஏற்கெனவே உறுதியாக உட்கார்ந்திருந்தால் அந்தச் சுவருக்கு வேலையே இல்லை. மூநான்கு பன்னிரண்டு என்பது எங்கே போனாலும் பன்னிரண்டுதான், ஜோசெகி அப்படியில்லை. ஆட்டம் தொடங்கியதுமே இப்படி நுழைவது நட்டம் என்றுதான் நெடுங்காலம் கற்பித்தார்கள். 2016இல் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், தென்கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. அதற்குப் பின் வந்த கணினி ஆட்டங்களைப் பார்த்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களே இந்த நுழைவைச் சர்வசாதாரணமாக ஆடுகிறார்கள். வாய்பாடு திருத்தப்படுவதை யாராவது கண்டதுண்டா?

'மூலை உடன்பாடு' பொருளின் உயிரைப் பிடித்துவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டுச்சொல்லில் காலை வாருகிறது. 'பனிச்சரிவு' என்றொரு புகழ்பெற்ற ஜோசெகி உண்டு. 'பனிச்சரிவு உடன்பாடு' என்று எழுதிப் பாருங்கள்: நாடுகள் கூடிக் கையெழுத்திட்டது போல இருக்கிறது!

ஜப்பானிய எழுத்துகளை அப்படியே பெயர்த்தால் 'நிலைக்கல்'. கதவு நிலைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆட்டத்திலும் இதே ஒலியில் ஒரு சொல் இருக்கிறது. அங்கே இரண்டாம் எழுத்து கல் அன்று, சுவடு. எனக்கு வழி காட்டியது அதுதான்: மூலைத்தடம்.

இதன் வசதி வினைகளில் தெரிகிறது. தடம் பற்றினார், தடம் மாறினார், தடம் பிறழ்ந்ததற்குத் தண்டனை வாங்கினார். எல்லாம் புழக்கத்தில் உள்ளவை அல்லது உடனே புரிபவை. பனிச்சரிவுத் தடம், இன்னொரு ஜோசெகியான பெருஞ்சாய்வுத் தடம், அதன் கிளைத்தடங்கள் என்று பெயர்களும் ஒட்டிக்கொள்கின்றன. இருவருக்கும் ஏறக்குறையச் சமமான பலன் என்ற கருத்து சொல்லுக்குள் இல்லை என்பது குறைதான். அதை விளக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்; ஒரு சொல் எல்லாச் சுமையையும் தூக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. விளக்கத்தில் 'காய் நகர்த்தல்' வேண்டாம். கோவில் வைத்த கல் நகர்வதே இல்லை. பிடிபட்டால் எடுக்கப்படும், அவ்வளவுதான். 'கல் வைத்தல்' என்றே இருக்கட்டும்.

மேலே 'கோவில் வைத்த கல்' என்று எழுதிவிட்டு நானே ஒருகணம் திகைத்தேன். போதாக்குறைக்கு, பிடித்த கல்லை உடனே திருப்பிப் பிடிப்பதைத் தடுக்கும் விதியின் பெயரும் தமிழெழுத்தில் 'கோ'தான். அந்த விதிக்கு 'மீள்பிடித் தடை' எப்படியிருக்கிறது?