கடை பைப் குளிரில உறையாமல் இருக்க டிசம்பருக்கு முன்னம் என்ன செய்ய வேணும்?

மூலைக்கடை
வணக்கம். ரொறன்ரோ ஸ்காபரோவில ஒரு பிளாஸாவின்ர கடைசி யூனிற். முன்னுக்குக் கடை, பின்னுக்குக் களஞ்சியமும் லோடிங் கதவும். தட்டைக் கூரை. தீ அணைக்கிற ஸ்பிறிங்க்ளர் பைப்பில எப்பவும் தண்ணி நிக்கும். மைனஸ் 20 வரும் நாட்களை நினைச்சால் பயமாக் கிடக்கு. இரவில ஹீற்றரை 10 பாகைக்கு இறக்கலாமா?

குழாய்வேலை
10 வேண்டாம், 15இல விடுங்கோ. தெர்மோஸ்ராற் கடைக்குள்ள சுவரில இருக்கு. உறையிற பைப் லோடிங் கதவுக்கு மேல, சீலிங் தகட்டுக்கு அங்கால கிடக்கு. கீழ இருக்கிற சூட்டைத் தகடு மறிக்கும். கீழ 15 காட்டேக்க மேல பூச்சியத்துக்குக் கீழயும் போகலாம்.

ஏணி வைச்சு அந்த மூலையில ஒரு தகட்டைத் தூக்கிப் பாருங்கோ. இன்சுலேஷன் பைப்புக்கும் கூரைக்கும் இடையில இருக்க வேணும். பைப்புக்குக் கீழ, தகட்டில விரிச்சுக் கிடந்தால் சூடு பைப்புக்குப் போகாது. அதை மாத்த வேணும். ஆகக் குறைஞ்ச அளவைப் பதிஞ்சு வைக்கிற ஒரு தெர்மாமீற்றரைப் பைப்புக்குப் பக்கத்தில வையுங்கோ. தண்ணி நிக்கிற ஸ்பிறிங்க்ளர் பைப் போற இடம் எதுவும் 4 பாகைக்குக் கீழ இறங்கக்கூடாது.

தண்ணி உறையேக்க ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். ஆனால் பைப் பெரும்பாலும் ஐஸ் பிடிச்ச இடத்தில வெடிக்கிறதில்லை. ஐஸுக்கும் பூட்டின ரப்புக்கும் நடுவில அகப்பட்ட தண்ணியில அமுக்கம் ஏறித்தான் வெடிக்கும். கடும் குளிர் இரவில வெளிச்சுவர்ப் பக்கத்து ரப்பை மெல்லிசா ஓட விடச் சொல்றது இதாலதான்.

வெளி ரப்பில ஹோஸ் பூட்டிக் கிடந்தால் இண்டைக்கே கழட்டுங்கோ. உறையாத ரப் எண்டு விக்கிறதும் ஹோஸோட இருந்தால் வெடிக்கும், உள்ளுக்கு நிக்கிற தண்ணி வடிய வழியில்லை. உடைப்பு சுவருக்குள்ள இருக்கும். வசந்தத்தில ரப்பைத் திறக்கேக்கதான் தெரியவரும்.

மூலைக்கடை
நன்றி அண்ணை. லோடிங் பக்கத்துப் பைப்புக்கு ஹீற் கேபிள் சுத்தலாமா?

குழாய்வேலை
குடிதண்ணிப் பைப்புக்குச் சுத்தலாம், தம்பி. சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கிற வகையை வாங்குங்கோ. மற்ற வகையை ஒண்டுக்கு மேல ஒண்டு போகச் சுத்தினால் அந்த இடம் எரியும். ஸ்பிறிங்க்ளர் பைப்பில மட்டும் நீங்களாச் சுத்தாதேங்கோ. அதுக்கெண்டு அங்கீகரிச்ச கேபிள் வேணும், ஸ்பிறிங்க்ளர் கொம்பனிதான் போட வேணும்.

கட்டடப் பராமரிப்பு
கரண்டையும் யோசியுங்கோ. 2013 டிசம்பர் ஐஸ் மழையில ரொறன்ரோவில ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. காஸ் வந்தாலும் கரண்ட் இல்லாமல், கடையைச் சூடாக்கிற ஃபேர்னஸின்ர காத்தாடி சுத்தாது. ஜெனறேற்றர் இருந்தால் கதவு, யன்னலில இருந்து 6 மீற்றராவது தள்ளி வெளியில வையுங்கோ. லோடிங் கதவைத் திறந்துபோட்டு உள்ளுக்கு வைச்சாலும் காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். ஃபேர்னஸின்ர புகைக்குழாய் பக்கச் சுவரால வெளியில வந்தால், ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் அதின்ர வாயைத் துப்பரவாக்குங்கோ.

கூரைத் தண்ணி வடிகாலில இலைகளை இப்பவே அள்ளுங்கோ. 10 சென்ரிமீற்றர் தண்ணி தேங்கினால் சதுர மீற்றருக்கு 100 கிலோ பாரம்.

வாசலுக்குச் சாதாரண உப்பு மைனஸ் 10 வரைக்கும்தான். அதுக்குக் கீழ கல்சியம் குளோரைட் வாங்குங்கோ. உப்புப் போட்ட திகதி, நேரம், போட்ட ஆள் எல்லாம் கொப்பியில எழுதுங்கோ. ஒன்ராறியோவில 2021 ஜனவரி 29 தொடக்கம், பனியில வழுக்கி விழுந்தவர் நட்டஈட்டுக்கு வழக்குப் போடுறதெண்டால் பொதுவாக 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்க வேணும். கடிதம் 50ஆம் நாள் வந்தால் ஞாபகத்தில இருந்து பதில் சொல்லேலாது.

குழாய்வேலை
இன்னொண்டு. தண்ணி மெயின் வால்வ் எங்க எண்டு வேலை செய்யிற எல்லாருக்கும் காட்டி, அதில ஒரு சிவப்புத் துண்டு கட்டி விடுங்கோ. பைப் உறைஞ்சால் மெயினைப் பூட்டி, ரப்பைத் திறந்து, ரப் பக்கத்தில இருந்து ஹெயார் ட்ரையரால சூடாக்குங்கோ. காஸ் ரோர்ச் பிடிக்கக் கூடாது. ஸ்பிறிங்க்ளர் வால்வ் வேற. அதைப் பூட்ட வேண்டி வந்தால் முதலில அலாரக் கொம்பனிக்கும் கட்டட உரிமையாளருக்கும் போன் எடுங்கோ, திரும்பத் திறக்கும் வரைக்கும் தீப் பிடிக்குதோ எண்டு பாக்க ஒரு ஆள் காவல் நிக்க வேணும்.